ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுக்கலாமா?

பொறியியல் இரண்டாம் ஆண்டில் ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்தால், கான்ஜி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளால் மதிப்பெண் சரியுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள்.

முதல் பருவத்தில் பெரும்பாலும் கான்ஜி அல்ல, ஒலிகளைக் குறிக்கும் ஹிரகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து வரிசைகள்தான். அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் 46. கதகனாவில் 'ஷி'யும் 'ட்சு'வும் கோடுகளின் சாய்விலும் எழுதும் திசையிலும்தான் வேறுபடும். பலரும் தடுமாறும் இடம் அது. கையால் எழுதிப் பழகுங்கள், கைப்பேசியில் பார்த்தால் மனதில் நிற்காது.

இலக்கணத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு. 'வதாஷி வா பஸு தே கக்கோ எ இகிமாஸ்' என்பதை 'நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறேன்' என்று அதே வரிசையில் சொல்லிவிடலாம். வேற்றுமை உருபு பெயருக்குப் பின், வினை கடைசியில். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் முட்டி மோதும் இடத்தை நீங்கள் எளிதாகத் தாண்டுவீர்கள்.

ஆனால் வேலைக்காக மட்டும் என்றால் யோசியுங்கள். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தொடக்க நிலை, எண் குறையக் குறையக் கடினம் கூடும். நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது என்3, என்2. ஒரு பருவப் பாடம் அவ்வளவு தூரம் கொண்டு போகாது, பிறகும் விடாமல் படிக்க வேண்டும். சென்னையிலேயே தேர்வு எழுதலாம். ஜூலை, டிசம்பரில் நடக்கிறது. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதால், உங்கள் ஆசிரியர் வகுப்பில் பேச வைப்பவரா என்று சீனியர்களிடம் அவசியம் விசாரியுங்கள். மேற்படிப்புக்கு ஜெர்மனிதான் என்று முடிவு செய்திருந்தால் மட்டும் ஜெர்மன் எடுங்கள்.