கோட்டை வாசலிலிருந்து கோணேசர் சந்நிதி வரை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் எனது மகள், மகன், மாமியார் ஆகியோரோடு ஒரு நாள் பயணமாகத் திருகோணமலைக்கு வர எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு மான்களைப் பார்க்க வேண்டும். மாமியாருக்குக் கோணேசரைத் தரிசிக்க வேண்டும். கோட்டைக்குள் எவ்வளவு நேரம் தேவைப்படும்? வாகனத்திலேயே கோயில் வரை சென்று திரும்பினால் போதுமா? — ஒரு வாசகி, வவுனியா.

பதில்: வணக்கம், சகோதரி. கோணேசர் கோயில், பிரெடரிக் கோட்டைக்குள் இருக்கும் மலையின் மேலே உள்ள சிவன் கோயில். வாகனத்தில் சென்றால் கோயிலைப் பார்க்கலாம். கோட்டையைப் பார்க்க முடியாது. வெளியூரிலிருந்து வருவோரில் பலர் கோட்டை வாசலைக் கடந்து ஐந்து நிமிடத்தில் மேலே போய், அருச்சனை முடித்து, கடலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு நீண்ட நாள் மனக்குறை. வாசலிலிருந்து சந்நிதி வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அவரை மட்டும் முச்சக்கரவண்டியில் அனுப்பிவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு நடந்தே ஏறுங்கள். இந்த ஒரு கிலோமீற்றருக்காக ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஓகஸ்ட் மாதத்தில் கச்சான் காற்று அனலாக வீசும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தார் வீதியின் சூடு செருப்பையும் தாண்டித் தெரியும். மான்களும் அந்த நேரத்தில் நிழல் தேடி ஒதுங்கிவிடும். ஆகவே விடிந்தவுடன் வாசலுக்கு வந்துவிடுவது நல்லது. காலைப் பூசையைக் கண்டு, நண்பகலில் நடை சாத்துவதற்கு முன்பே ஆறுதலாக இறங்கிவிடலாம். கார்த்திகை, மார்கழியில் வருவதாக இருந்தால் அது வாடைக்காலம். மழைக்கு ஆயத்தமாக வர வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவை புள்ளிமான்கள்தாம். வேலியும் கூண்டும் இல்லாமல், மர நிழலிலும் பழைய கட்டடங்களின் ஓரத்திலும் அவை கூட்டமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். நகரத்தின் நடுவில், பேருந்துச் சத்தம் கேட்கும் தொலைவில், இத்தனை மான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் வாழும் இடத்தை இலங்கையில் காண்பது அரிது. பிள்ளைகளிடம் ஆண் மானின் கொம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாட்டின் கொம்பைப் போல அது நிலையானதல்ல. குறித்த காலத்திற்கு ஒரு முறை உதிர்ந்து மீண்டும் முளைக்கும். முளைக்கும் பருவத்தில் அதன் மேல் மெல்லிய மயிர் படர்ந்த தோல் மூடியிருக்கும். வளர்ந்து முற்றியதும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை மான் உரித்துவிடும். அந்தத் தேய்ப்புத் தழும்புகளை மரங்களில் தேடிப் பார்ப்பதே எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை.

வழியில் பிரித்தானியத் தளபதி வெலிங்டன் பிரபு 1800 ஆம் ஆண்டளவில் தங்கியதாகச் சொல்லப்படும் பழைய வீடு ஒன்றும் உண்டு. கோட்டையின் ஒரு பகுதி இன்றும் இராணுவத்தின் பாவனையில் இருப்பதால், முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பாமல் பொது வீதியிலேயே செல்லுங்கள்.

மேலே சென்றதும், கோயிலுக்குப் பின்புறம், இராவணன் வெட்டு என்று நாம் அழைக்கும் மலைப் பிளவின் ஓரத்தில் சற்று நேரம் நில்லுங்கள். சிறியவரின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழே நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அலை மோதும் ஓசை கேட்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபோது ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை’ என்றார். இரைகின்ற கடல் தன் அலையால் முத்துகளைக் கொண்டுவந்து ஒதுக்கும் மலை என்பது அதன் பொருள். மகளுக்குத் தேவாரம் பாடமாக இருந்தால் ‘நிரைகழல் அரவம்’ என்று தொடங்கும் அப்பதிகத்தை அந்த இடத்தில் நின்று பாடச் சொல்லுங்கள். ‘குரைகடல்’ என்ற சொல்லுக்கு உரை தேவைப்படாத இடம் அது.

அங்கிருந்து கடலைப் பார்க்கும்போது அவசரப்பட வேண்டாம். இக்கரையோரத்தில் கடல் மிக விரைவில் ஆழமாகிவிடுவதால், மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில் நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் வருவதுண்டு. கடல் அமைதியாக இருந்தால், தொலைவில் வெண்ணிறமாக எழுந்து கலையும் நீர்ப்பீச்சை மலையில் நின்றபடியே காணலாம். காணக் கிடைக்காமலும் போகலாம்; ஆனால் அதற்காகக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் பிள்ளைகள் கடலை உண்மையாகப் பார்த்திருப்பார்கள்.

பிற்பகலில் நேரம் எஞ்சினால் கன்னியா வெந்நீரூற்றுக்குச் செல்லலாம். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு, பிள்ளைகள் விரும்புவார்கள்.

கேள்வி: நாங்கள் செல்லும்போதெல்லாம் மான்களுக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுப்பது வழக்கம். கொடுக்கக் கூடாது என்று ஒருவர் எங்களைக் கடிந்துகொண்டார். பசித்த வாயில்லாச் சீவனுக்கு உணவு கொடுப்பது புண்ணியம் அல்லவா? — ஒரு வாசகர், உப்புவெளி.

பதில்: உங்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன், ஐயா. ஆனால் உங்களைக் கடிந்துகொண்டவர் சொன்னதே சரி. மான், மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகள் கொண்டது; முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் நொதிக்கச் செய்த பிறகே அது சீரணமாகும். அந்த நுண்ணுயிர்கள் நாருணவுக்குப் பழகியவை. பாண், பிஸ்கட், சோறு போன்ற மாப்பொருள் அதிகமாக உள்ளே சென்றால் வயிற்றில் அமிலம் கூடி, மான் நோயுற்றுச் சாகவும் கூடும்.

அதைவிடக் கொடியது, உணவைச் சுற்றி வந்த பொலித்தீன். அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் கோட்டைக்குள் நான் கண்டதைச் சொல்கிறேன். யாரோ உண்டுவிட்டுப் போட்ட லஞ்ச் சீற் ஒன்றை ஒரு பெண் மான் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த பருப்புக் கறியை நக்கியது. மஞ்சள் நிறம் முழுவதும் போன பின்பும் அது விடவில்லை. உப்புச் சுவை ஊறியிருந்த அந்தத் தாளின் ஓரத்தைக் கடித்து, மெல்ல மெல்ல முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் ஓடிச் சென்று எட்டிப் பிடிக்க முயன்றபோது ஒரு சாண் அளவு மட்டுமே வெளியே இருந்தது. மான் துள்ளி விலகியது. தாளும் உள்ளே போய்விட்டது. அதன் குட்டி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே போன பொலித்தீன் சீரணமாவதில்லை. அது முதல் அறையிலேயே தங்கிச் சேர்ந்து உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்தது போன்ற உணர்வில் மான் மேய்வதைக் குறைக்கும். வெளியில் வயிறு புடைத்திருக்க, உள்ளே பட்டினியால் மெலிந்து இறக்கும். லஞ்ச் சீற்றுக்கு இலங்கையில் 2017 ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. ஆயினும் அதைப் போல மெல்லிய உறைகள் இன்றும் நம் கைகளில்தான் வருகின்றன. சோற்றுப் பார்சல் கொண்டு வருவோர் வாழையிலையில் கட்டி வாருங்கள். வெற்று உறைகளை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்கே கொண்டு செல்லுங்கள். திறந்த குப்பைத் தொட்டியில் போட்டால் மான் தலையை விட்டு அதையும் எடுத்துவிடும். மான்களுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், கீழே கிடக்கும் ஒரு பொலித்தீனை எடுத்துச் செல்லுங்கள், ஐயா. நீங்கள் கேட்கும் புண்ணியம் அதில் இருக்கிறது.

கேள்வி: கோட்டை வாசல் கல்லில் மீன் உருவமும் தமிழ் எழுத்தும் இருப்பதாக எங்கள் ஆசிரியர் கூறினார். ஒரு பறங்கிக் கோட்டையில் அவை எப்படி வந்தன? — உயர்தர மாணவி, மூதூர்.

பதில்: நல்ல கேள்வி, மகளே. 1622 இல் போர்த்துக்கேயர் மலைமீதிருந்த கோயிலைச் சூறையாடி இடித்தார்கள். பின்னர் 1624 இல், கொன்ஸ்தந்தீனு த சா தளபதியாக இருந்த காலத்தில், அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். ஒல்லாந்தர் 1639 இல் அதைக் கைப்பற்றினர்; பிரித்தானியர் 1795 இல் பிடித்து, 1803 இல் யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரால் பிரெடரிக் கோட்டை என்று அழைத்தனர். இடையில் 1782 இல் ஒரே ஆண்டில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அதைப் பிடித்தார்கள். இத்தனை கைகள் மாறிய பின்பும் வாசலில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன் உருவம், அப்படியே இருக்கிறது. அது பாண்டியரின் சின்னம். 13 ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் கோணமலையில் இருகயல் பொறித்ததைத் தமிழ்நாட்டின் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது.

அருகிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கும் பாடலாக மக்கள் அதைச் சொல்வார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்பது அதன் பொருள். வரப்போவதை முன்னரே அறிந்து சொன்ன தீர்க்கதரிசனம் என்று நம்புவோர் பலர். கோயில் இடிவதைக் கண்டவர்களின் துயரம் பின்னால் பாடலாகியது என்றே எனக்குத் தோன்றுகிறது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது சென்றால் எழுத்தின் குழிகள் நன்கு தெரியும். கல்லைத் தொட்டுத் தேய்க்கவோ, சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பவோ வேண்டாம். இதுவரை தேய்ந்தது போதும்.

1950 இல் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. மக்கள் திருப்பணி செய்து 1963 இல் குடமுழுக்குக் கண்ட கோயிலே நீ இன்று காண்பது.

கேள்வி: காதலன் கப்பலேறிப் போனதால் மலையிலிருந்து குதித்து இறந்த ஒல்லாந்தப் பெண்ணின் நினைவுத் தூண் அங்கே இருப்பது உண்மையா? — ஒரு வாசகர், மட்டக்களப்பு.

பதில்: தூண் இருப்பது உண்மை. பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒல்லாந்தரின் ஆவணங்களின்படி அவர் அதற்குப் பின்னரும் வாழ்ந்து திருமணம் செய்துகொண்டார். அந்தத் தூணோ, இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களில் ஒன்று என்று கருதப்படுகிறது.