மகன் பையில் வலி மாத்திரையும் சிரிஞ்சும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அவன் பையில் டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டையும் சிரிஞ்சும் இருந்தன. சில நாள் வீட்டில் பூட்டிவைத்தால் விட்டுவிடுவானா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரியுமோ என்றும் பயம்.
- ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: பூட்டிவைக்காதீர்கள், அம்மா. இது அபின் வகையைச் சேர்ந்த, அடிமையாக்கும் வலி மாத்திரை. மாத்திரை நின்ற ஒரு நாளுக்குள் மூக்கொழுகல், கொட்டாவி, உடல்வலி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். மாத்திரையைத் தாங்கும் சக்தி குறைந்த உடம்பில் பழைய அளவே போனாலும் மூச்சு நின்றுவிடலாம்.

அது விழுங்குவதற்கான மாத்திரை. கரைத்து ஊசியில் ஏற்றினால், கரையாத மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் கட்டாயம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் மாத்திரை ஏக்கத்தையும் நிறுத்திய வேதனையையும் தணிக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் என்ற மருந்து தருவார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் வேண்டும், "இன்னும் எத்தனை நாள்?" என்று அவசரப்படுத்தாதீர்கள், பாதியில் நிறுத்தியவர்களே அதிகம் திரும்ப விழுகிறார்கள். போதை மீட்பு வழிகாட்டுதலுக்கு 14446, இலவச எண். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது.

எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு மெதுவானால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத்தண்ணீர் கொடுக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை அட்டையை ஆம்புலன்சில் கொடுங்கள்.