கேதார்நாத் ஹெலிகாப்டர்: அப்பாவின் 94 கிலோவும் ஏஜென்டின் 'கோட்டா'வும்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, எடை 94 கிலோ. முழங்கால் வலி இருப்பதால் கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் மலையேற முடியாது. ஹெலிகாப்டரில் கேதார்நாத் கூட்டிப்போக நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த ஏஜென்ட் ஒருவர், கம்பெனி கோட்டாவில் டிக்கெட் உண்டு, தேதி உறுதி, பெரிய ஹெலிகாப்டர் என்பதால் எடை பிரச்சினையே இல்லை, பாதிப் பணம் இப்போதே அனுப்புங்கள் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். கோட்டா, தேதி, எடை மூன்றுமே பொய்.

முதலில் எடை. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் காற்று நூறு பங்கு என்றால் அங்கே எழுபது பங்குதான். வெயில் ஏறினால் அதுவும் குறையும். மேலே சுற்றும் விசிறி காற்றைக் கீழே தள்ளித்தான் ஹெலிகாப்டர் எழும்புகிறது. தள்ளக் காற்றே குறைவு என்றால் சுமக்கும் எடையும் குறைகிறது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்குச் சக்தி கூடுதலாக வேண்டும். தரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை, தள்ளிய காற்று தரையில் முட்டிக் கொஞ்சம் தாங்கிக் கொடுக்கும். தளத்தின் ஓரம் தாண்டிப் பள்ளத்தாக்கு வந்ததும் அந்தத் தாங்கல் போய்விடும். பைலட்டின் கணக்கு எல்லாம் இந்தச் சில விநாடிக்காகத்தான்.

அங்கே ஓடுபவை பெல் 407, ஏஎஸ்350 மாதிரியான சிறிய, ஒற்றை எஞ்சின் ரகங்கள். பைலட்டைத் தவிர ஐந்தாறு பேர். 80 கிலோவை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். அப்பாவின் உபரி 14 கிலோ என்பது ஏறக்குறைய 17 லிட்டர் எரிபொருளின் எடை. ஆறேழு நிமிஷப் பறப்பு அது. அடிவாரத்தில் உள்ள பட்டா என்ற ஹெலிகாப்டர் தளத்திலிருந்து மேலே போய்ச்சேரவே பத்து நிமிஷத்துக்குள்தான் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனவே படிவத்தில் 80 என்று எழுதி வைக்காதீர்கள். தளத்தில் எல்லோரையும் தராசில் ஏற்றுவார்கள், அதுவும் ஸ்வெட்டர், ஷூவோடு. 94 அங்கே 97 ஆகும். கணக்கு உதைத்தால் உங்கள் குழுவிலேயே ஒருவர் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். எடை பார்த்து இருக்கை மாற்றுவதும் குடும்பத்தை இரண்டு நடையாகப் பிரிப்பதும் சகஜம். சண்டை போட்டுப் பயனில்லை. கைப்பை ஆளுக்கு 2 கிலோ.

"எவரெஸ்டிலேயே ஹெலிகாப்டர் இறங்கியிருக்கிறதே" என்று ஏஜென்டுகள் வாயை அடைப்பார்கள். இறங்கியது உண்மைதான். 2005 மே 14 அன்று டிடியே டெல்சால் என்ற பிரெஞ்சு பைலட் ஏஎஸ்350 பி3-இல் இறங்கினார். தேவையில்லாத சாமான்களைக் கழற்றிவிட்டு, தனி ஆளாக. உங்கள் அப்பாவும் நான்கு உறவினர்களும் அதில் இல்லை.

அடுத்தது கோட்டா. குப்தகாசி, பட்டா, சேர்சி ஆகிய மூன்று ஹெலிகாப்டர் தளங்களிலிருந்தும் போய்வரும் ஷட்டில் சேவைக்கு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா இணையதளத்தில் மட்டும்தான் டிக்கெட். அதற்கும் முன்னால் உத்தராகண்ட் அரசின் சார்தாம் (கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி என்ற நான்கு தலங்கள்) யாத்திரைப் பதிவு எண் வேண்டும். இணையதளத்தின் முகவரி ஐஆர்சிடிசி, கோ, இன் என்று வரிசையாக முடிய வேண்டும். நடுவில் ஒரு கோடு, கடைசியில் காம் என்று இருந்தால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். தேடலில் விளம்பரமாக மேலே வருவதையும் தொடாதீர்கள். போலி டிக்கெட் அச்சு அசலாக இருக்கும். ஹெலிகாப்டர் தளத்துக் கவுன்டரில் சரிபார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும், அப்போது நீங்கள் ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "தரகரை நம்பாதீர்" என்று பலகை மாட்டுவது நல்ல வேடிக்கை. ஆனாலும் உங்களுக்கு வழி அந்த இணையதளம்தான்.

இன்னொரு கண்ணி. ஏஜென்ட் தன் கணக்கிலிருந்து நிஜ டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தாலும், பறப்பு ரத்தானால் பணம் கட்டிய கணக்குக்கே திரும்பும். அதாவது அவருக்கு.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். டேராடூன் சஹஸ்த்ரதாரா தளத்திலிருந்து நான்கு தாமுக்கும் சேர்த்து முழு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் உண்டு. அதை நிறுவனங்களே நேரடியாக விற்கின்றன, ஹெலியாத்ராவில் வராது. செலவு லட்சங்களில். நிறுவனத்தின் பெயரில் இன்வாய்ஸ், நிறுவன வங்கிக் கணக்கு, எழுத்தில் ரத்து விதி, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) தரும் இயக்க அனுமதிச் சான்று எண் ஆகியவற்றைக் கேளுங்கள். ஏஜென்ட் இந்தச் சார்ட்டர் படத்தைக் காட்டி ஷட்டில் விலை சொல்வார். லட்சங்களில் விற்பது ஆயிரங்களில் கிடைக்கிறது என்றால் அது சார்ட்டர் இல்லை. தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டாலும் அது சார்ட்டர் இல்லை.

தேதியை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் பைலட் கண்ணால் பார்த்தே ஓட்ட வேண்டும். மேகம் இறங்கினால் வழி தெரியாது. 2022 அக்டோபர் 18, 2025 ஜூன் 15 என இரண்டு விபத்துகளிலும் தலா ஏழு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் விசாரணை அறிவிப்பார்கள், சில நாள் நிறுத்துவார்கள், பிறகு பழையபடி. ரத்து என்று சொன்னால் கவுன்டரில் கெஞ்சாதீர்கள். மழைமாதங்களை விடுங்கள். செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் நல்லது: குளிர்ந்த காற்று அடர்த்தியானது, மேகமும் குறைவு. காலை நடையாக எடுத்து, பின்னால் இரண்டு நாள் உபரி வையுங்கள். ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை மறுநாளுக்கே போட்டுவிட்டு அல்லாடுபவர்கள்தான் அதிகம்.

ஹெலிகாப்டர் முழங்காலைக் காப்பாற்றும், நுரையீரலை அல்ல. பத்து நிமிஷத்தில் 3,500 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. முதல் நாள் குப்தகாசியில் தங்க வையுங்கள். கிளம்பும் முன் ஊரிலேயே இதய மருத்துவரைப் பாருங்கள். மேலே தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால் தரிசன வரிசையில் நிற்காமல் கீழே இறக்குங்கள். தளத்திலிருந்து கோயிலுக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் நடை உண்டு, கைத்தடி எடுத்துச் செல்லட்டும்.

ஒருவேளை பணம் ஏற்கனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு இன்றே கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு.