மூடிய அணு ஆய்வு நிலையத்தைச் 'சுத்தம் செய்வது' என்றால் என்ன?

மலேசியாவின் பாங்கி நகரில் 1982 முதல் இயங்கும் அணு ஆய்வு உலை பற்றிப் பேச்சு வந்தால், கோலாலம்பூரில் யாராவது கேட்பார்கள்: இதை ஒருநாள் மூடினால் இடத்தை எப்படிக் கழுவுவார்கள்?

கழுவி அழிக்க முடியாது, அதுதான் விஷயம். கதிரியக்கம் அணுவின் கருவிலிருந்து வருவது. சோப்போ அமிலமோ நெருப்போ அந்தக் கருவை எட்டாது. அதனால் மாசுபட்ட மண், கான்கிரீட், குழாய் எல்லாவற்றையும் பெயர்த்து, அடைத்து, காவலில் வைப்பார்கள். மிச்சம் காலத்தின் வேலை: அணு உலையில் உண்டாகும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டு.

செந்தூல் வீட்டுத் தரையில் மீன்கறி கொட்டிவிட்டது என்று வையுங்கள். துடைத்தால் தரை சரி. ஆனால் கறி இப்போது துணியிலும் வாளித் தண்ணீரிலும் இருக்கிறது. அதை எங்கே ஊற்றுவது? செலவும் தலைவலியும் அங்கேதான்.

ஸ்காட்லாந்தின் டவுன்ரே அணு ஆய்வு நிலையத்தில் கடைசி உலை 1994இல் நின்றது. துப்புரவு இன்னும் நடக்கிறது. அங்கே 65 மீட்டர் ஆழக் குழியில் கழிவைக் கொட்டிவந்தார்கள், 1977இல் அது வெடித்தது. (அந்தக் காலத்துக் கவனம் அவ்வளவுதான்.)

அப்புறம், சுத்தமான நிலம் என்றால் கதிர்வீச்சு பூஜ்ஜியம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உங்கள் பூந்தொட்டி மண்ணிலும் இயற்கையான தோரியமும் யுரேனியமும் துளியளவு உண்டு.