யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினால் பஸ், ரயில் எல்லாம் ஒரே பயணமாகுமா?

விமானத்தையும் மற்றப் போக்குவரத்தையும் இணைப்பது என்றால் விமான நிலையத்துக்கு ஒரு பஸ் விடுவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதி வேலைகூட இல்லை.

முதலில், இடையில் ஒன்று பிந்தினால் பொறுப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் 1999 முதல் தூர ரயில்களுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஜேர்மன் விமான நிறுவனமான லுப்தான்சா தன் டிக்கெட்டிலேயே ரயில் பயணத்தையும் சேர்த்து விற்கிறது, அதனால் ரயில் பிந்தி விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்த நட்டம் உங்கள் தலையில்தான். அடுத்தது பெட்டி. ஹொங்கொங்கில் சில விமான நிறுவனங்களின் பயணிகள் நகர ரயில் நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு போகலாம் (சொக்லேட்டும் உடுப்புமாகக் கட்டிக்கொண்டு வரும் நம் சனத்துக்கு வேறென்ன வேண்டும்!).

சரி, பலாலி? 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்கு 2015இல் ரயில் திரும்ப வந்தது, அங்குள்ள துறைமுகத்துக்கு 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. எல்லாம் சில கிலோமீற்றருக்குள்தான். அதனால் இங்கே புதிதாகத் தண்டவாளம் போடுவதெல்லாம் வீண் செலவு என்பேன். சென்னை விமானம் இறங்கும் நேரத்துக்கு நின்று, விமானம் பிந்தினால் தானும் காத்திருந்து, காங்கேசன்துறை ரயில் நிலையத்தையும் யாழ்ப்பாண பஸ் நிலையத்தையும் தொட்டுப் போகும் ஒரு சின்ன பஸ் போதும். பெட்டி வைக்க மட்டும் அதில் தாராளமாக இடம் விடவேண்டும்.