விண்டோஸ் அடிக்க முதல் பைலை எடுங்கள்: திறக்காத கணினி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது டெல் லெப்டொப், வாங்கி ஆறு வருசம். பற்றரி செத்துப்போய் வயர் குத்தித்தான் பாவிக்கிறேன். போன கிழமை வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அதன் பிறகு திறந்தால் டெல் படம் வருகிறது, கீழே "பிரிப்பேரிங் ஒட்டோமெட்டிக் ரிப்பேர்" என்று எழுத்து வருகிறது, நீலத் திரை வருகிறது, திரும்பவும் முதலில் இருந்து. டவுனில் ஒரு கடையில் "ஃபோமட் பண்ணி விண்டோஸ் அடிக்க வேணும் ரீச்சர், உள்ளே இருக்கிறது போகும்" என்றார்கள். இன்னொரு கடையில் ரிகவரி செய்து தரலாம் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். பிள்ளைகளின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள், வினாத்தாள்கள், மகளின் சாமத்தியச் சடங்கு வீடியோ எல்லாம் அதற்குள்தான். என்ன செய்யலாம்? (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் ஃபோமட் பண்ண விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் விண்டோஸ்தான் குழம்பியிருக்கிறது, உங்கள் பைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லெப்டொப் திறக்காமல் போவதும் பைல் அழிந்துபோவதும் இரண்டு வேறு விசயம், ஆனால் கடையில் இரண்டையும் ஒன்றாக்கித்தான் சொல்வார்கள். காரணம் சின்னது. விண்டோஸ் அடிப்பது சட்டென்று முடிகிற வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து படமும் வீடியோவும் கொப்பி பண்ணுவதென்றால் ஒரு மேசையும் ஒரு கணினியும் அரை நாள் அதற்கே போய்விடும். அந்த நேரத்துக்குக் காசு கேட்பது நியாயம். ஆனால் இது கொப்பி பண்ணுகிற வேலை, ரிகவரி இல்லை. ரிகவரி என்ற பெயரைச் சொல்லிப் பெரிய தொகை வாங்க இதில் ஒன்றும் கிடையாது.

லெப்டொப்பைத் தொட முதல் போனில் ஒரு விசயம் பாருங்கள். விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் கணக்குப் போட்டிருந்தால், உங்களுக்கே தெரியாமல் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் வன்டிரைவுக்கு (இணையத்தில் மைக்ரோசொஃப்ட் தரும் சேமிப்பிடம்) ஏறியிருக்கலாம். அதே மின்னஞ்சலால் வன்டிரைவுக்குள் போய்ப் பாருங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், ஆகவே வீடியோ இருக்காது, புள்ளி எழுதிய எக்செல் பைல் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

அப்புறம், வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கணினி தெரிந்த ஒரு பெடியனைப் பிடியுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்டுத் தரச் சொல்லுங்கள். இலவசம்தான், வேறொரு கணினியில் தரவிறக்கி ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றினால் சரி, ஆனால் அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். அதைக் குத்தி, லெப்டொப்பைப் போட்டவுடன் எஃப் 12 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதில் இருந்து திறக்க என்று டெல் கேட்கும் (எச்பி என்றால் பெரும்பாலும் எஃப் 9). பென் டிரைவைத் தெரிவு செய்தால், உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாமல், பென் டிரைவில் இருந்தே ஒரு முழுக் கணினி திறக்கும். திரையில் இன்ஸ்டோல் என்று ஒரு படம் இருக்கும், அதை மட்டும் தொட வேண்டாம், அது ஹார்ட் டிஸ்க்கை அழித்துத் தன்னைப் பதிந்துகொள்ளும் வழி. பைல் பார்க்கிற இடத்தைத் திறந்து, இடப் பக்கம் இருக்கும் உங்கள் டிஸ்க்குக்குள் போய், யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அவ்வளவுதான். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு இழுத்துப் போடுங்கள். எல்லாரும் மறக்கிறது டவுன்லோட்ஸ். வட்ஸ்அப்பில் வந்த அதிபரின் கடிதமும் வலயக் கல்விப் பணிமனைப் படிவமும் அங்கேதான் கிடக்கும்.

இந்த இடத்தில் நம்மூர் ஆசிரியர்களைப் பயப்படுத்துகிற ஒன்று உண்டு. வினாத்தாளைத் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்புமாக ஏதோ ஒன்று நிற்கும். பைல் பழுதாகவில்லை, நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள், லினக்ஸில் பாமினி இல்லை, அதுதான். புது விண்டோஸில் பாமினியைப் போட்டவுடன் எல்லாம் பழையபடி வரும். இதைப் பார்த்து வைரஸ் என்று சொல்லி அழித்தவர்களும் இருக்கிறார்கள்.

சடங்கு வீடியோ மட்டும் ஏறாமல் நின்றால் அதற்கும் காரணம் உண்டு. பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ பைல்களை அடுக்கும் ஃபாட் 32 என்ற முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை ஏற்காது, எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிய வெறும் டிஸ்க் ஒன்றைக் கொடுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்றால் விண்டோஸ் நிறுவுகிற பென் டிரைவாலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நிறுவும் திரை வந்ததும் ஷிஃப்டோடு எஃப் 10 அழுத்தினால் கறுப்புப் பெட்டி ஒன்று வரும், அதில் நோட்பேட் என்று தட்டி, ஃபைல், ஓப்பன் என்று போய், எல்லா வகைப் பைலும் காட்டும்படி மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே வலச் சொடுக்கில் கொப்பியும் பேஸ்ட்டும் பண்ணலாம். சீ டிரைவ் அங்கே டீ என்றோ ஈ என்றோ மாறி நிற்கலாம். கொப்பி ஓடுகிறதா நிற்கிறதா என்றும் காட்டாது, பேசாமல் காத்திருக்க வேண்டும். படத்துக்கும் ஆவணத்துக்கும் போதும், பெரிய வீடியோவுக்கு எனக்கு அது பிடிக்காது.

மூன்றாவது வழி டிஸ்க்கையே கழற்றி, யூஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டு வேறு கணினியில் குத்துவது. லெப்டொப்புக்கு உயிரே இல்லை, லைற்றும் எரியவில்லை என்றால் இதுதான் வழி. கேசிங் வாங்கும்போது டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்குக்கு ஒரு கேசிங், சூயிங்கம் பட்டை போன்ற எம் 2 எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வேறொன்று. அந்த எம் 2 விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இனம், வெளியில் பார்க்க ஏறத்தாழ ஒன்று, ஒன்றின் கேசிங்கில் மற்றது வேலை செய்யாது (இரண்டையும் எடுக்கும் கேசிங்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள்). குத்தியதும் அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுத்தால் கன்டினியூ அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். விலை குறைந்த சில லெப்டொப்களில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியே வருகிறது, இப்போதைய மக்புக்குகளும் அப்படித்தான், அவற்றில் கழற்ற ஒன்றும் இல்லை.

இதெல்லாம் உங்களால் ஆகாது என்றால் கடைக்கே கொடுங்கள், ஆனால் இப்படிச் சொல்லிக் கொடுங்கள்: பைலை எடுத்து என் டிஸ்க்கில் போட்டுக் காட்டிய பிறகுதான் விண்டோஸ். அதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். காசு கொடுக்க முதல் பத்துப் பதினைந்து பைலைத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத பைலும் உண்டு. மகளின் படங்கள் கடைக் கணினியில் கொப்பியாகத் தங்கக்கூடாது, அதை உங்கள் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

கேள்வி: அக்கரைப்பற்றில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மழைக்கு இடி விழுந்த அன்று கடைக் கணினி நின்றுபோனது. இப்போது போட்டால் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. கடன் கணக்கெல்லாம் அதில்தான். பொலித்தீனில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறான் மருமகன். வைக்கலாமா?

பதில்: வேண்டாம் நானா. ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் நம்மூர் ஈரக் காற்றில் உள்ளே தண்ணீர் வேர்க்கும், அதோடு கதை முடிந்துவிடும்.

டிக் சத்தம் என்றால் பெரும்பாலும் உள்ளே வாசிக்கிற முனை பழுது. அது தட்டின் மேல் மயிரிழையை விடக் குறைந்த உயரத்தில் மிதந்து ஓடுவது, பழுதான முனையோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் தட்டைச் சுரண்டலாம், சுரண்டிய இடத்தில் இருந்த கணக்கு யாராலும் எடுக்க முடியாதது. ஆகவே இனிப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரேயொரு விதிவிலக்கு: இடியில் கணினியின் பவர் சப்ளை அடிபட்டு, டிஸ்க்குக்குப் போதிய மின் போகாவிட்டாலும் இதே சத்தம் வரும். தெரிந்த திருத்துநர் ஒருவர் நல்ல பவர் சப்ளையும் புது வயரும் போட்டு ஒரு தடவை பார்க்கட்டும். சத்தம் நின்று டிஸ்க் தெரிந்தால் அந்த நிமிடமே கணக்குப் பைலைக் கொப்பி பண்ணுங்கள், விண்டோஸைத் திருத்தவோ செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டவோ வேண்டாம். நோகிற டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டினால் நோய் கூடும்.

சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் சுத்த அறை உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், கொழும்பில் விசாரியுங்கள். அனுப்ப முதல் போனில் கேளுங்கள்: பார்ப்பதற்கே காசா, பைல் வராவிட்டாலும் காசா, எந்தெந்தப் பைல் வரும் என்று பட்டியல் காட்டிய பிறகா காசு. இதே மொடல் டிஸ்க் ஒன்றின் அடிப் போர்டைக் கழற்றி மாற்றிப் போடலாம் என்று இங்கே யாரும் சொன்னால் விடாதீர்கள், இப்போதைய டிஸ்க்குகளில் அந்தப் போர்டில் உள்ள சிப் அந்தந்த டிஸ்க்குக்கென்று அமைத்தது.

கடன் கணக்கைக் கையால் எழுதிய கொப்பிகள் ஏதும் இருந்தால், டிஸ்க் அனுப்பிய அன்றே அவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: கடையில் கேட்காமலே ஃபோமட் பண்ணிவிட்டார்கள். பற்றுச்சீட்டில் "சேர்விஸ்" என்று மட்டும் இருக்கிறது. டீ டிரைவும் போய்விட்டது. பைலும் வேண்டும், ஞாயமும் வேண்டும். (ஏறாவூர்)

பதில்: பைலை முதலில் பார்ப்போம். உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு, எஸ்எஸ்டி என்றால் குறைவு. விரைவு ஃபோமட் ஹார்ட் டிஸ்க்கில் பெயர்ப்பட்டியலைத்தான் கிழிக்கிறது, உள்ளடக்கம் மேலே வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு, விடுபட்ட இடத்தைத் தானாகவே துடைத்துவிடும். எதுவானாலும் லெப்டொப்பை இப்போதே மூடுங்கள், புது விண்டோஸில் பாட்டுக் கேட்டாலும் அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் குத்தி ஃபோட்டோரெக் என்ற பைல் மீட்கும் மென்பொருளை ஓட்டுங்கள், இலவசம். பைல் பெயர் வராது, இலக்கப் பெயரோடு ஆயிரக்கணக்கில் கொட்டும், உட்கார்ந்து பொறுக்க வேண்டும். மீட்கும் பைலை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். காசு கட்டும் மென்பொருள் வாங்குவதென்றால், இலவசத் தேடலில் உங்கள் பைல் முழுதாகத் தெரிந்த பிறகு மட்டும்.

டீ டிரைவில் போட்டால் போகாது என்று எல்லாரும் நம்புகிறோம். சீயும் டீயும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த இரண்டு அறைதான், விண்டோஸ் அடிப்பவர் பிரிவுகளை எல்லாம் அழித்துவிட்டுத் தொடங்கினால் இரண்டும் போகும்.

ஞாயத்துக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும்தான். தொழிலாகச் சேவை தருபவர் அதைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் ஃபோமட் என்று இல்லாதது உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கலாம், நீங்கள் சம்மதித்ததாக அவர்களிடமும் எழுத்து இல்லையே. கடைக்காரரோடு வட்ஸ்அப்பில் ஏதும் கதைத்திருந்தால் அழிக்காதீர்கள்.

கேள்வி: கம்பஸ் தொடங்கும்போது வாங்கிய புது லெப்டொப். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பிட்லொக்கர் என்று நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறது. நான் அப்படி ஒன்றும் போடவில்லை. ஒரு கடையில் உடைத்துத் தரலாம் என்கிறார்கள். (மாணவி, ஒலுவில்)

பதில்: பிட்லொக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பூட்டு. அதை உடைக்க முடியாது தங்கச்சி, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அவர்கள் செய்யப்போவது ஃபோமட். விண்டோஸ் 11 மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முதன்முதலில் அமைக்கும்போது பல லெப்டொப்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி, திறப்பை அந்தக் கணக்கில் போட்டுவைக்கிறது, உங்களிடம் கேட்காமலே. போனில் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் ரிகவரி கீ பாருங்கள். நீலத் திரையில் ஒரு கீ ஐடி காட்டும், அதுவும் கணக்கில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தட்டுங்கள். மேலே சொன்ன லினக்ஸும் கேசிங்கும் இந்தத் திறப்பு இல்லாமல் உங்களுக்கு உதவாது.

உங்கள் கணக்கில் இல்லை என்றால், லெப்டொப்பை வாங்கிய அன்று யார் அமைத்துக் கொடுத்தது என்று யோசியுங்கள். விற்ற கடைப் பெடியன் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு அமைத்திருந்தால் திறப்பு அவரிடம்தான் இருக்கும், பழைய பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்துக்கு இன்றைக்கே அழையுங்கள். கிடைத்தால் 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி உத்தரவாதப் பத்திரத்தோடு குத்தி வையுங்கள், பிறகு அவர் கணக்கை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள்.