ராம் 1500: ஒழுகுவது மேலே, சொட்டுவது கீழே

ராம் 1500 பிக்கப்பில் 2013 முதல் வரும் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6 எஞ்சினின் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் (எண்ணெய் வடிகட்டி உட்காரும் கூடு) ஒழுகல் பற்றிய கேள்விகளுக்கு, அந்த எஞ்சினைப் பலமுறை பிரித்துப் பூட்டிய மெக்கானிக் ஒருவரின் பதில்கள்.

கால்கரி வாசகர்: அண்ணா, என்னுடையது 2015 வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. கிராங்க் தண்டின் பின்பக்க எண்ணெய் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள், தம்பி. இந்த எஞ்சினில் ஃபில்டர் மேலே நிற்கிறது. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், ஃபில்டர் ஹவுசிங்கும் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரும் ஒரே தொகுதியாக உட்கார்ந்திருக்கின்றன. அது ஒழுகினால் எண்ணெய் முதலில் பள்ளத்தில் தேங்கும். பிறகு எஞ்சினின் பின்பக்கம் வழிந்து, நீங்கள் சொன்ன அதே இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு சீல்தான் குற்றவாளி. நானே ஒருமுறை கியர்பாக்ஸை இறக்கி, புது சீல் போட்டு, மறுநாள் அதே இடத்தில் எண்ணெயைப் பார்த்து விழித்தவன்.

மேல் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, மேனிஃபோல்டுக்கு அடியில் சிறு கேமராவை விட்டுப் பாருங்கள். அங்கே குளம் கட்டி நின்றால் முதல் சந்தேகம் ஹவுசிங் மீதுதான். பிறகும் ஐயம் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் கலந்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஹூஸ்டன் வாசகர்: இந்த ஹவுசிங் ஏன் விரிசல் விடுகிறது?

கம்பெனி போட்ட ஹவுசிங் பிளாஸ்டிக். ஒரு வழியில் கொதிக்கும் எண்ணெய், இன்னொரு வழியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், சுற்றிலும் எஞ்சின் சூடு. தினமும் விரிந்து சுருங்கி அசந்துபோகிறது, அதற்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டும் இறுகிவிடுகிறது. இதற்கு மேல் மனிதக் கையும் சேரும். ஃபில்டர் மூடியின் மீதே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் நீளமான ரெஞ்சைப் போட்டு இறுக்குகிறவர்கள்தான் அதிகம்.

டல்லாஸ் வாசகர்: கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாதா?

விரிசல் இல்லையென்றால் போதும். ஆனால் இந்த வேலையில் செலவே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்தான். அவ்வளவு பிரித்த பிறகு பழைய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பூட்ட எனக்கு மனம் வராது. வெளிக் கம்பெனிகள் அலுமினிய ஹவுசிங் விற்கின்றன. நான் அதைத்தான் போடுவேன். கூடவே சென்சார்கள் வருகின்றனவா என்று கேளுங்கள். 2014 மாடலில் ஃபில்டரும் ஹவுசிங்கும் மாறிவிட்டன, அதனால் வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தே வாங்குங்கள்.

ஷார்ஜா வாசகர்: ஐயா, நானே செய்யப்போகிறேன். எங்கே சறுக்குவேன்?

முதலில் பெட்ரோல் அழுத்தத்தில். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் குழாய் மேனிஃபோல்டின் கீழ்ப் பாதியோடு சேர்ந்தே வெளியே வரும். முந்தைய மாலையே எரிபொருள் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலன்ட்டை வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேனிஃபோல்டைத் தூக்கியதும் திறந்த துளைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரும். பள்ளத்து எண்ணெயை உறிஞ்சி எடுத்து நன்றாகத் துடையுங்கள். மிச்சம் விட்டால் பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் செய்த வேலை தோற்றது என்று நினைத்து மறுபடி பிரிப்பீர்கள்! கேஸ்கெட் உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுரண்டுங்கள். எஞ்சின் பிளாக் அலுமினியத்தால் ஆனது, இரும்புக் கத்தி பட்டால் கோடு விழும்.

பழைய ஹவுசிங்கைத் தூக்கும்போது கொஞ்சம் கூலன்ட் எண்ணெய் வழிக்குள் போய்விடும். ஆகவே எண்ணெயை வேலை முடிந்த பிறகு மாற்றுங்கள், முன்னால் அல்ல. மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும். கூலன்ட் உங்கள் மாடலுக்கு உரிய வகையாக இருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், வகைகள் கலந்தால் குழம்பாகிவிடும். காற்றை வெளியேற்றி, அடுத்த சில நாள் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள்.

டொராண்டோ வாசகர்: கூலன்ட் டப்பாவில் பழுப்பாக ஆடை மிதக்கிறது, அண்ணா. வேலைக்குப் போய் வரலாமா?

வேண்டாம், ஓட்டாதீர்கள். கூலருக்குள் எண்ணெயும் கூலன்ட்டும் கலந்திருக்கலாம். சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். அழுத்தச் சோதனை செய்யாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

அதே வாசகர்: ஒழுகலை அடைக்கும் மருந்து கடையில் விற்கிறார்களே?

விரிசல் விட்ட பிளாஸ்டிக்கை அது ஒட்டாது. கூலரின் சன்னமான வழிகளையும் ரேடியேட்டரையும் வேண்டுமானால் அடைக்கும்.